அப்பம்மா விட்டுவந்த தையல் மெசின்

எனது ஒன்பது வயது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு செயற்திட்டம் கொடுத்திருந்தார்கள். 1939 செப்டெம்பர் 1இல் லண்டனிலிருந்து பிள்ளைகளைக் கிராமப்புறங்களுக்கு அனுப்பத் தொடங்கியபோது, ஒரு பிள்ளை தனது பெட்டியில் எவற்றைக் கொண்டுபோயிருக்கும் எனப் பட்டியலிட வேண்டும். பின்னர் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் அவர் இடம்பெயர்ந்த கதையைக் கேட்டு எழுத வேண்டும்.

நாங்கள் வாழும் தோர்ண்டன் ஹீத்துக்கு இது தூரத்துக் கதையல்ல. அருகிலுள்ள குறொய்டன் விமான நிலையத்தில் 1940 ஓகஸ்ட் 15இல் குண்டு வீசப்பட்டது. 1944இல் ஜேர்மனியின் பறக்கும் குண்டுகள் லண்டனில் மிக அதிகமாக விழுந்த பகுதிகளுள் குறொய்டனும் ஒன்று.

மகள் அப்பம்மாவிடம் போனாள். அம்மா 1995 ஒக்டோபர் 30ஐச் சொன்னார். 'றிவிரெச' இராணுவ நடவடிக்கை வலிகாமத்தில் முன்னேறிக்கொண்டிருந்தது. எல்லோரும் உடனே வெளியேற வேண்டுமெனப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் செம்மணி வெளியால், நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கொண்டுவந்தவை: காணி உறுதி, அரிசி, லாம்பு, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள். விட்டுவந்தவற்றுள் முதலாவது தையல் மெசின்.

"அது புதுசா வாங்கினதோ அப்பம்மா?"

அம்மா சற்றுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இல்லைப் பிள்ளை. சோனக தெருவிலை இருந்த ஆக்களின்ரை. அவையளைக் கலைச்சாப் பிறகு சாமான்கள் விலைக்கு வந்தது. நானும் ஒண்டு வாங்கினனான்."

அதுவும் ஒரு ஒக்டோபர் 30தான், ஆண்டு 1990. யாழ்ப்பாண முஸ்லிம்களைப் புலிகள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு கட்டளையிட்டார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானார்கள்.

நான் அந்த மெசினின் சத்தத்தோடு வளர்ந்தவன். எமது இடப்பெயர்வு பற்றிப் பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். மெசின் எங்கிருந்து வந்ததென ஒருநாளும் கேட்டதில்லை.

"இதை எழுத வேண்டாம்" என்று மகளிடம் சொன்னேன். நண்பர்கள் பலர் சொல்லும் அதே காரணங்கள்தான் என் மனதிலும் இருந்தன. இது எதிரிக்கு வாய்ப்பாகும். இராணுவம் எமக்குச் செய்தவற்றை மங்கச் செய்யும். வெள்ளைக்கார ஆசிரியைக்கு இதெல்லாம் எதற்கு? அம்மா குறுக்கிட்டார்: "தம்பி, அவள் கேட்டாள், நான் சொன்னனான். எழுதட்டும்."

மூன்று வெளியேற்றங்களும் ஒன்றல்ல. லண்டன் பிள்ளைகளை அனுப்பியது அவர்களைக் காப்பதற்கான அரச திட்டம். பெற்றோர் மறுக்கலாம், பலர் மறுத்தும் இருந்தார்கள். 1995இல் முன்னால் இராணுவம், பின்னால் கட்டளை. எமக்குத் தெரிவு இருக்கவில்லை. 1990இல் ஒரு சமூகம் முஸ்லிம்கள் என்பதற்காகவே விரட்டப்பட்டது. பின்னையதைச் சொல்வதால் முன்னையதன் துயரம் குறைவதில்லை. ஆனால் எமது குடும்பங்களில் வரலாறு எமக்கு அடி விழுந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளை எவரும் கேட்பதில்லை, கேட்காதபடியால் சொல்வதுமில்லை.

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளிலும் இப்படியொரு செயற்திட்டத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். 'எதை இழந்தீர்கள்' என்பதோடு 'அது உங்களிடம் எப்படி வந்தது' என்ற கேள்வியும் அதில் இருக்கட்டும். அப்பம்மாக்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.

மகள் தாளில் 1939, 1990, 1995 என மூன்று ஆண்டுகளையும் எழுதினாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "அந்த மெசின் ஆக்கள் இப்ப எங்கை அப்பா?"

2002இன் பின்னரும் 2009இன் பின்னரும் சில குடும்பங்கள் யாழ்ப்பாணம் திரும்பின என்றும், பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள் என்றும் சொன்னேன். அவள் கேட்டது அந்த ஒரு குடும்பத்தை. அவர்களின் பெயர்கூட எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது.