செவிநரம்புக் கட்டிக்கான கதிர்வீச்சு அறுவை: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கதிர்வீச்சு அறுவையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கருவிகளின் வரலாற்றையே எழுதுகின்றனர். எந்த நகரில் எந்த ஆண்டில் எந்தக் கருவி நிறுவப்பட்டது என்னும் வரிசை பெருநகரங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம். சேலம், நாமக்கல் மாவட்டங்களைப் பொறுத்தவரை அவ்வரிசை அதிகம் விளக்குவதில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, கண்டறியப்படும்போது கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதே.

செவிநரம்புக் கட்டி என்று வழங்கினும், இது பெரும்பாலும் சமநிலை நரம்பைச் சூழ்ந்த ஷ்வான் உயிரணுக்களில் தோன்றுவது. 1991இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய கருத்தொருமிப்பு மாநாடு ‘வெஸ்டிபுலார் ஷ்வான்னோமா’ என்ற பெயரைப் பரிந்துரைத்ததும் இதனாலேயே. புற்றுநோயன்று, ஆயினும் இடம் கொடியது. ஒருபுறம் முகநரம்பு, மறுபுறம் மூளைத்தண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவைக்கு உட்பட்டவர்களுள் பெரும்பான்மையோர் உயிரிழந்தனர். ஹார்வி குஷிங் 1917இல் வெளியிட்ட நூல், உறையை விட்டு உள்ளீட்டை மட்டும் அகற்றும் முறையால் அந்நிலையை மாற்றியது.

ஸ்டாக்ஹோமின் லார்ஸ் லெக்செல் 1951இல் ‘கதிர்வீச்சு அறுவை’ என்ற கருத்தை முன்வைத்தார். மண்டையோட்டைத் திறவாமல், பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்களை ஒரு புள்ளியில் குவிப்பது அதன் அடிப்படை. 1968இல் இயங்கத் தொடங்கிய முதல் காமா கத்தியில் 179 கோபால்ட்-60 மூலங்கள் இருந்தன. அது கட்டிகளுக்காக உருவானதன்று. தீராவலி போன்றவற்றுக்காக மூளையின் ஆழ்பகுதியில் சிறு புண் உண்டாக்குவதே அதன் முதல் நோக்கம். 1969இல் லெக்செல் அதனைச் செவிநரம்புக் கட்டிக்குப் பயன்படுத்தினார். தொடக்கத்தில் கட்டியின் விளிம்பில் 20 கிரேயையும் கடந்த அளவு தரப்பட்டதால் முகவாதம் அடிக்கடி நேர்ந்தது. 1990களில் அளவு 12–13 கிரேயாகக் குறைந்த பின்னரே இம்முறை பரவலான ஏற்பைப் பெற்றது. கருவியைவிட இந்த அளவுக் குறைப்பே திருப்புமுனை என்பது என் கணிப்பு.

தமிழகத்தில் இதற்கான அறிவுத்தளம் முன்பே இருந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னைப் பொது மருத்துவமனையில் பா. ராமமூர்த்தி 1950இலும் நரம்பியல் அறுவைப் பிரிவுகளைத் தொடங்கினர். ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோர் 1960களில் வளர்த்த ஸ்டீரியோடாக்டிக் அறுவை, லெக்செல் முறையின் உடன்பிறப்பு. எனினும் இந்தியாவின் முதல் காமா கத்திகள் 1997இல் மும்பைக்கும் தில்லிக்குமே வந்தன. லெக்செலிடம் பயின்ற ஜான் ஆட்லர் உருவாக்கிய சைபர்நைஃப் 2009இல் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் நிறுவப்பட்டது. பொருட்செலவு மட்டும் இத்தாமதத்தை விளக்காது. இந்திய அறுவைப் பதிவுகளில் பெரிய கட்டிகளே மிகுதி என்ற குறிப்பு தொடர்ந்து வருகிறது. ஏறத்தாழ 3 செ.மீ.க்கு மேற்பட்டு மூளைத்தண்டை அழுத்தும் கட்டிக்குக் கதிர்வீச்சு அறுவை பொதுவாகப் பொருந்தாது, கத்திதான் வழி.

2011 கணக்கெடுப்பின்படி இவ்விரு மாவட்டங்களின் மக்கள்தொகை ஏறத்தாழ 52 லட்சம். மேலைநாட்டு ஆய்வுகளில் வழங்கிவந்த ‘ஆண்டுக்கு லட்சத்தில் ஒருவர்’ என்ற வீதத்தைப் பொருத்தினால், ஆண்டுதோறும் ஐம்பது பேரளவில் புதிய நோயர் இருத்தல் வேண்டும். முதல் அறிகுறி ஒரு காது மட்டும் மந்தமாதல், கூடவே காதிரைச்சல். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களிலும், நாமக்கல்லின் லாரிக்கூண்டு கட்டும் பட்டறைகளிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளிலும் உழைப்போருக்குக் காது மந்தமாதல் தொழிலோடு வரும் இயல்பாகத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் இரைச்சலால் வரும் கேள்விக்குறை பொதுவாக இரு காதுகளையும் தாக்கும். ஒரு காதின் மந்தத்தையும் தறியின் கணக்கில் எழுதிவிடும்போது கட்டி மறைந்துகொள்கிறது. ஆகவே இந்நிலத்தில் கதிர்வீச்சு அறுவையின் முன்வரலாறு, கேள்வித்திறன் சோதனையின் வரலாறாகவும் காந்த அதிர்வுப் படக்கருவியின் வரலாறாகவும் எழுதப்பட வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இலும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022இலும் தொடங்கியமை இவ்வகையில் காமா கத்தியின் வருகைக்கு நிகரான செய்திகள்.

இன்னொன்றும் உண்டு. இச்சிகிச்சை கட்டியை அகற்றுவதில்லை, வளர்ச்சியை நிறுத்துகிறது. நின்றதா என்றறியப் பல ஆண்டுகள் தொடர்ந்து படமெடுக்க வேண்டும். சேலத்திலிருந்து வேலூர் ஏறத்தாழ 200 கி.மீ., சென்னை 340 கி.மீ. ஆண்டின் பெரும்பகுதியை வடமாநிலங்களில் கழிக்கும் ரிக் வண்டித் தொழிலாளிக்கு ஒருநாள் சிகிச்சையினும் அடுத்தடுத்த ஆண்டுகளின் வருகையே கடினம். 2009இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீடு சிகிச்சைச் செலவின் சுமையை ஓரளவு தாங்கியது. இழந்த கூலி அதன் கணக்கில் வருவதில்லை. இக்கட்டிகளிற் பல வளராமலே இருந்துவிடும். வளர்பவை சராசரியாக ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளரும், 2 செ.மீ. அளவில் தவறவிடப்பட்ட ஒன்று, பத்தாண்டுகளில் கதிருக்கு உரிய எல்லையைக் கடந்துவிடலாம்.