ஒரு மாதத்துக்குள்ளா, மூன்று வாரத்துக்குப் பின்னா?

திரும்பும் நாளைச் சொல்லாமலே வாங்கத்தக்க சீட்டு ஒன்று. அந்த நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு மாற்ற முடியாத சீட்டு மற்றொன்று. பிரிட்டனின் ஆஃப்-பீக் ரிட்டர்ன் (நெரிசலற்ற நேரத்துக்கான இருவழிச் சீட்டு) முதல் வகை. 2025 தீபாவளி நெரிசலைக் கருதி இந்திய ரயில்வே சோதனையாக அறிவித்த ரவுண்ட் ட்ரிப் பேக்கேஜ் இரண்டாம் வகை. தாராளமும் கறாரும் என்று பெயரிட்டு இந்த இணையை மூடிவைத்துவிடத் தோன்றும். விதிகளுக்குள் நுழைந்து பார்த்தால் அந்தப் பெயர்கள் நிலைப்பதில்லை.

முதலில் நாட்காட்டி. ஆஃப்-பீக் ரிட்டர்னில் போகும் பயணத்துக்கு ஒரே நாள். திரும்புவதற்கு ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் எந்த நாளில் வந்தாலும் சரி. இந்தியத் திட்டத்தில் போகும் பயணம் 2025 அக்டோபர் 13 முதல் 26 வரை இருந்தது. திரும்புவது நவம்பர் 17 முதல் டிசம்பர் 1 வரை. கடைசி நாளில் புறப்பட்டவர்கூட 22 நாள் கழித்தே திரும்ப முடிந்தது. பிரிட்டிஷ் சீட்டு இத்தனை நாளுக்குள் வந்துவிடு என்கிறது. இந்தியச் சீட்டு இத்தனை நாளுக்குள் வந்துவிடாதே என்கிறது. அக்டோபர் 13 அன்று இரண்டிலும் ஒருவர் புறப்பட்டதாகக் கொண்டால், நவம்பர் இரண்டாம் வாரத்தில் பிரிட்டிஷ் சீட்டு காலாவதியாகிவிடும். அதற்குப் பிறகுதான் இந்தியச் சீட்டின் திரும்பும் பாதிக்கு உயிர் வரும். (தீபாவளிக்கு ஊருக்குப் போய் மூன்றாம் நாள் சென்னை திரும்பும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இது எந்த வகையில் உதவும் என்று கேட்கலாம். தீபாவளியும் அதையடுத்துச் சட் பூசையும் முடித்து, ஊரில் சில வாரம் தங்கிவரும் பீகார், உத்தரப் பிரதேசத் தொழிலாளிக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்துகிறது.)

இரண்டுமே தடை விதிக்கின்றன. தடை விழும் இடம்தான் வேறு. பிரிட்டன் கடிகாரத்தைக் காவல் வைக்கிறது. வார நாட்களின் காலை நெரிசலிலும், சில தடங்களில் லண்டனிலிருந்து மாலையில் கிளம்பும் வண்டிகளிலும் இந்தச் சீட்டு செல்லாது. எந்தத் தடத்தில் எந்த நேரம் விலக்கு என்பதை எழுத்தோ எண்ணோ கொண்ட இரண்டிடக் குறியீடு ஒன்று சொல்லும். அதற்குப் பொருள் தேடிப் பார்க்கும் பொறுப்பு பயணியுடையது. இந்தியா ஆளையும் இடத்தையும் காவல் வைக்கிறது. போனவர்களே திரும்ப வேண்டும். அதே இரு ஊர்களுக்கிடையே, அதே வகுப்பில். போகும் சீட்டைக் கவுன்டரில் எடுத்தால் திரும்பும் சீட்டையும் கவுன்டரில்தான் எடுக்க வேண்டும். இரண்டும் உறுதியான இடமாக இருந்தால்தான் சலுகை. பிரிட்டிஷ் சீட்டில் பொதுவாகப் பெயர் இருக்காது, ஆனாலும் அதைப் பிறருக்குக் கைமாற்றக் கூடாது. இந்தியச் சீட்டில் பெயரும் வயதும் இருப்பதால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

விலையில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. இந்தியத் தள்ளுபடி 20 சதவீதம்; அதுவும் திரும்பும் பயணத்தின் அடிப்படைக் கட்டணத்தில் மட்டும். ஒரு வழிக்கு அடிப்படைக் கட்டணம் 1000 ரூபாய் என்றால் மிச்சமாவது 200. இரு வழிக்கும் பங்கிட்டால் பத்து சதவீதம். பிரிட்டனில் நெடுநாளாக நிலவிய வழக்கமோ விசித்திரமானது. பல தடங்களில் ஒருவழி ஆஃப்-பீக் சீட்டைவிட இருவழிச் சீட்டு ஒரே ஒரு பவுண்டுதான் கூடுதல். திரும்பும் எண்ணமே இல்லாதவரும் ஏறக்குறைய இருவழிக் காசைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவற்றின் எதிர்பாராத உறவு வெளிப்படுவது பணத்தைத் திரும்பக் கேட்கும்போதுதான். இந்தியத் திட்டம் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறது: பணம் திரும்பக் கிடையாது, மாற்றமும் கிடையாது. பிரிட்டிஷ் விதி கனிவாகப் பேசுகிறது: பயன்படுத்தாத திரும்பும் பாதிக்குப் பணம் கேட்கலாம். கணக்கு எப்படி? கொடுத்த இருவழிக் கட்டணத்திலிருந்து, பயணித்த பகுதிக்குரிய ஒருவழிக் கட்டணத்தைக் கழிக்க வேண்டும். மேலே சொன்ன தடங்களில் கிடைப்பது ஒரு பவுண்டு. அதிலிருந்து நிர்வாகக் கட்டணத்தையும் கழித்தால் எதுவும் மிஞ்சாது. ஒரு நாட்டில் விதி மறுத்ததை இன்னொரு நாட்டில் கழித்தல் கணக்கு மறுக்கிறது. இரண்டு பாதிகளில் ஒன்றுக்குத் தனி மதிப்பு இல்லை என்பதில் நெகிழ்வான சீட்டும் இறுக்கமான சீட்டும் உடன்பிறப்புகள். வெளிப்படையில் இந்தியச் சீட்டுக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே தருவேன்.

அப்படியானால் பிரிட்டிஷ் பயணியின் சுதந்திரம் எங்கிருந்து வந்தது? ரயில்வேயின் பெருந்தன்மையிலிருந்து அல்ல. அங்கே சீட்டு வேறு, இருக்கை வேறு. சீட்டு ஏறும் உரிமையை மட்டும் தருகிறது. இருக்கையைத் தனியாக முன்பதிவு செய்யலாம், செய்யாமலும் விடலாம். பயணி நாளை மாற்றிக்கொண்டால் எந்த இடமும் காலியாக ஓடாது. கூட்டமானால் அவர் நின்றுகொண்டு போவார். இந்திய ஸ்லீப்பர் பெட்டியில் சீட்டு என்பதே படுக்கைதான். ஒருவர் மனம் மாறினால், ஆர்ஏசியிலும் காத்திருப்போர் பட்டியலிலும் இருக்கும் யாரோ ஒருவருடைய இரவு அதில் தொங்குகிறது.

இந்தக் காரணம் சரிதானா என்று சோதிக்க இந்தியாவிலேயே சான்று உண்டு. படுக்கையோடு கட்டப்படாத முன்பதிவில்லாச் சீட்டு, பிரிட்டிஷ் சீட்டைப் போலவே நடந்துகொள்கிறது: பெயர் வேண்டாம், இருக்கை உறுதி இல்லை, தடை கடிகாரத்தில் மட்டும். 199 கிலோமீட்டர் வரையிலான தூரத்துக்கு, வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அதற்குப் பின்னரே முதல் வண்டி என்றால் அந்த வண்டியில், பயணத்தைத் தொடங்க வேண்டும் என்பது 2016 முதல் உள்ள விதி. இடைநிறுத்தத்திலும் ஒரு சாயல் தெரிகிறது. ஆஃப்-பீக் ரிட்டர்னில் திரும்புகிறவர், சீட்டில் தனித் தடை இல்லாவிட்டால், வழியில் ஓர் ஊரில் இறங்கி ஓரிரவு தங்கிவிட்டு அதே சீட்டில் தொடரலாம். இந்தியாவின் சாதாரண நெடுந்தூரச் சீட்டும் இதை அனுமதிக்கிறது: முதல் 500 கிலோமீட்டர் கடந்த பின்பு, 1000 கிலோமீட்டர் வரை ஒரு முறை, அதற்கு மேல் இரண்டு முறை. ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் மட்டும் இல்லை. இந்த விதி தங்களுக்கு இருப்பதே தெரியாமல் பயணம் செய்பவர்கள் இரு நாட்டிலும் உண்டு.

இதற்கிடையில் பிரிட்டிஷ் சீட்டே இடம் பெயர்ந்துகொண்டிருக்கிறது. எல்.என்.இ.ஆர். என்ற ரயில் நிறுவனம் 2023 ஜூனில் தன் பெரும்பாலான தடங்களில் இருவழிச் சீட்டை விலக்கி, ஒருவழியைப் பழைய இருவழிக் கட்டணத்தின் பாதியாக்கியது. ஒரு பவுண்டு விசித்திரம் அங்கே ஒழிந்தது. 2024 பிப்ரவரியில், லண்டனிலிருந்து நியூகாசில், பெரிக், எடின்பரோ தடங்களில் ஆஃப்-பீக் சீட்டையே சோதனையாக நிறுத்திவிட்டு, ‘70 மினிட் ஃப்ளெக்ஸ்’ என்ற சீட்டைக் கொண்டுவந்தது. இதில் பயணி முதலில் ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்; அதற்கு 70 நிமிடம் முன்னும் பின்னும் கிளம்பும் அதே நிறுவனத்தின் வண்டிகளில் ஏறலாம். ஒரு மாத நெகிழ்வு 140 நிமிடமாகிவிட்டது.