டாங்கிப் பெட்டிக்குள் இருந்து வந்த மீட்பு வாகனங்கள்

மீன் ரின்னில லொறி செய்யாத சின்ன வயசு எங்கட ஊர்களில குறைவு. பழைய செருப்பை வட்டமாக வெட்டினால் நாலு சில்லு. குடைக்கம்பி அச்சு. முன்னுக்கு ஒரு நூல். அதுக்கு முந்தின தலைமுறைக்குப் பனங்காய்ச் சில்லு. வளர்ந்த பிறகு இதையெல்லாம் 'விளையாட்டு' என்று ஒரு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டோம்.

ஆனால் இந்த வேலைக்கு உலகத்தில் பெயர்கள் இருக்கு. ஒன்றும் வாங்காமல், கையில் கிடைச்ச தகரத்திலும் மரத்திலும் ஒரு வாகனத்தைச் செய்தால் அது 'ஸ்கிராட்ச் பில்ட்'. கடையில் வாங்கின மொடல் கிட்டை, பெட்டிப் படத்தில் இருக்கிறபடி ஒட்டாமல், வெட்டி, வேறொரு கிட்டின் துண்டுகளோடு சேர்த்து, எந்தக் கடையிலும் இல்லாத ஒன்றைச் செய்தால் அது 'கிட்-பாஷிங்'. மொடல் லொறி, தீயணைப்பு வண்டி, அம்புலன்ஸ் செய்கிறவர்கள் இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறார்கள். ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது பெரும்பாலும் கடையில் இல்லை. கடையில் இருப்பது டாங்கி, போர் விமானம், போர்க்கப்பல்.

ஏன் அப்படி? அழிக்கிற வாகனத்துக்கு நூறு பெட்டி இருக்கிற இடத்தில் காப்பாற்றுகிற வாகனத்துக்கு ஏன் ஒரு பெட்டியைத் தேடவேண்டி இருக்கு? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கொண்டு போனபோது நாங்கள் போய்ச் சேர்ந்த இடம், 1960களின் இங்கிலாந்தில் ஒரு தொழிற்பேட்டை.

பெட்டிக்குள் வந்த போர்

பிளாஸ்ரிக் மொடல்களின் வரலாறு இரண்டாம் உலகப்போரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. ஜேர்மனியின் விக்கிங் கொம்பனி இன்றைக்கு 1:87 அளவு லொறிகளுக்கும் தீயணைப்பு வண்டிகளுக்கும் பெயர் போனது. போர்க்காலத்தில் அதே கொம்பனியின் சின்னக் கப்பல் மொடல்கள், எதிரியின் கப்பலைக் கண்ட உடனே அடையாளம் சொல்லப் படையினரைப் பழக்குவதற்குப் பயன்பட்டன. இங்கிலாந்தின் எயார்ஃபிக்ஸ் 1939 இல் தொடங்கியது. போர் முடிந்த பிறகு அதுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது ஸ்பிட்ஃபயர் போர் விமானம். ஜப்பானின் டாமியா மரத்தில் தொடங்கி, 1960 இல் தன் முதல் பிளாஸ்ரிக் கிட்டாக 'யமாட்டோ' போர்க்கப்பலை விட்டது. கொஞ்ச நாளில் ஜேர்மன் பாந்தர் டாங்கியும் வந்தது.

அளவுவிகிதங்கள்கூட அப்படி அப்படியே பிறந்தவைதான். பாந்தருக்குள் மோட்டரும் பற்றரியும் பிடிக்கவேண்டும். அந்த இடத்தைக் கணக்குப் பார்த்து உடம்பைச் செய்தபோது விகிதம் 1:35 என்று வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் படை மொடல்களின் அளவு அதுதான். சாலை வாகனங்களுக்கு வேறு வழி. 1:43, 1:76, 1:87 எல்லாம் விளையாட்டு ரயிலோடு வந்த அளவுகள். ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கிறதுக்கு லொறி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆக டாங்கி கதாநாயகன். லொறியும் அம்புலன்சும் பின்னணி.

போரில் சண்டை பிடிச்சவர்களின் பிள்ளைகள்தான் இந்தக் கிட்களை வாங்கினார்கள். அப்பா வாய் திறந்து சொல்லாத போரைப் பிள்ளை பசை போட்டு ஒட்டிப் பார்த்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

லெங்கெட, 1963

1963 ஒக்ரோபர் 24. மேற்கு ஜேர்மனியின் லெங்கெட என்ற ஊரில் ஓர் இரும்புச் சுரங்கம். அதுக்கு மேலே இருந்த கழிவுநீர்க் குளம் உடைந்து, சுமார் 5 இலட்சம் கனமீற்றர் தண்ணீரும் சேறும் உள்ளே இறங்கியது. அப்போது கீழே 129 பேர். முதல் மணித்தியாலங்களில் 79 பேர் தப்பி மேலே வந்தார்கள். அடுத்த நாள் 7 பேர். நவம்பர் 1 இல் இன்னும் 3 பேர். அதோடு எல்லாம் முடிந்தது என்று கருவிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். இறந்தவர்களுக்கான அஞ்சலிக்கும் நாள் குறிச்சாச்சு.

ஆனால் சில சுரங்கத் தொழிலாளர்கள் விடவில்லை. கைவிடப்பட்ட பழைய குடைவு ஒன்றுக்குள் ஆட்கள் ஏறி ஒதுங்கியிருக்கலாம் என்று அடம்பிடிச்சு, அங்கே ஒரு துளை போடவைத்தார்கள். நவம்பர் 3 ஆம் திகதி, கீழே இருந்து தட்டும் சத்தம் கேட்டது. நவம்பர் 7 இல், பதினான்கு நாளுக்குப் பிறகு, 11 பேர் உயிரோடு மேலே வந்தார்கள். 29 பேர் வரவே இல்லை.

அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தது 'டால்புஷ் குண்டு' என்ற இரும்புக் குழாய். பெயர்தான் குண்டு. சுமார் இரண்டரை மீற்றர் நீளம், 38.5 சென்ரிமீற்றர் விட்டம்; ஒரு ஆள் கையை ஒடுக்கிக்கொண்டு நிற்கத்தான் இடம். 1955 இல் கெல்சன்கிர்ஷன் நகரின் டால்புஷ் சுரங்கத்தில் மூன்று பேர் அகப்பட்டபோது, அந்த நேரத்து அவசரத்துக்குச் செய்த பொருள் அது. செய்த பொறியியலாளர் காப்புரிமைகூட எடுக்கவில்லை. 2010 இல் சிலி நாட்டில் 33 சுரங்கத் தொழிலாளர்களை மேலே கொண்டுவந்த கூடும் இந்த எண்ணத்தின் வாரிசுதான். உண்மையான மீட்பு வாகனங்களின் வரலாற்றிலேயே, கையில் இருந்ததை வெட்டி ஒட்டின கதைகள் இப்படி இருக்கு.

இந்தச் செய்தியை இங்கிலாந்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். பாவைகளை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் எடுக்கிற ஜெரி அண்டர்சன். துளை போடுகிற பெரிய இயந்திரம் பிரேமன் நகரத்தில் இருந்து வந்துசேர மணிக்கணக்காக ஆனது அவருடைய மனதைக் குடைஞ்சது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். போருக்கான இயந்திரங்கள் எப்போதும் தயாராக நிற்கின்றன. மீட்புக்கான இயந்திரங்கள் ஏன் நிற்கவில்லை? அந்தக் கேள்விதான் 'தண்டர்பேர்ட்ஸ்' தொடர். பெயரும் போரில் இருந்தே வந்தது. ஜெரியின் அண்ணன் லயனல் விமானப்படையில் இருந்தவர். அமெரிக்காவில் பயிற்சி எடுத்தபோது வீட்டுக்கு எழுதின கடிதத்தில் 'தண்டர்பேர்ட்' என்ற விமானத்தளத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். 1944 இல் அவர் கொல்லப்பட்டார்.

ஸ்லவ் தொழிற்பேட்டையில் ஒரு கராஜ் வேலை

லண்டனுக்கு மேற்கே, ஸ்லவ் நகரத்துத் தொழிற்பேட்டையில்தான் ஜெரி, சில்வியா அண்டர்சன் ஆகியோரின் ஸ்ரூடியோ. வாகனங்களுக்கும் வெடிப்புகளுக்கும் பொறுப்பு டெரெக் மெடிங்ஸ். தீயணைக்கிற 'ஃபயர்ஃப்ளை', நிலத்தைக் குடைகிற 'மோல்', இன்னும் எத்தனையோ மீட்பு வண்டிகளை ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் முதலில் இருந்து செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை.

அப்போது அவர்கள் செய்த வேலைதான் இந்த வரலாற்றின் நடு அச்சு. மொடல் கடைக்குப் போய்க் கிட்களை வாங்கி வந்தார்கள். போர் விமானமா, டாங்கியா, ரயில் பாலமா என்று பார்க்கவில்லை. அவற்றின் துண்டுகளைக் கழற்றி, மரத்திலும் பிளாஸ்ரிக்கிலும் செய்த உடம்புகளின் மேலே ஒட்டினார்கள். சமையலறைச் சாமானும் தப்பவில்லை. தண்டர்பேர்ட் 1 நிற்கிற கொட்டகையின் சுவரைக் கூர்ந்து பார்த்தால் ஒரு எலுமிச்சம்பழம் பிழிகிற சாமான் இருக்கும்!

இது சும்மா சிக்கனம் இல்லை. வழுவழுப்பான ஒரு மேற்பரப்பு தான் சின்னது என்று காட்டிக்கொடுத்துவிடும். அதில் குழாய், மூடி, ஏணி, ஆணி என்று பொடி விவரங்கள் ஏறினால்தான் கண் அதை லொறியளவாக நம்பும். அதோடு மெடிங்ஸ் எல்லாவற்றையும் அழுக்காக்கினார். புகை, எண்ணெய், உரசின பெயின்ற். இன்றைக்கு மொடல் செய்கிறவர்கள் 'வெதரிங்' என்று கொண்டாடுகிற வேலை அதுதான். மீட்பு வண்டி புதுசாக மினுங்கினால் அது ஒருவரையும் மீட்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு சிக்கல் பாரம். சின்ன வாகனம் சின்ன வாகனம் போலத்தான் துள்ளும். அதுக்கு அவர்கள் கமராவை வேகமாக ஓடவிட்டார்கள். சாதாரணமாக ஒரு செக்கனுக்கு 24 படம். இவர்கள் 120 வரைக்கும் போனார்கள். திரையில் ஐந்து மடங்கு மெதுவாகத் தெரியும். பௌதிகத்தில் இதுக்குக் கணக்கு இருக்கு. ஒரு பொருள் விழுகிற நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு மாறும். 1:25 மொடல் என்றால் 25 இன் வர்க்கமூலம் 5. இருபத்துநாலை ஐந்தால் பெருக்கினால் 120. ஓடுகிற வண்டியைப் படம் பிடிக்க வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, கீழே தெருவைப் பட்டியாகச் சுழலவிட்டார்கள். தண்ணீரையும் நெருப்பையும்தான் ஒருவராலும் சின்னதாக்க முடியவில்லை. ஒரு துளி எப்போதும் ஒரு துளிதான்.

முதல் அத்தியாயம் 1965 செப்ரெம்பர் 30 இல் ஒளிபரப்பானது. மொத்தம் 32 அத்தியாயங்கள். யாரையும் வெல்லுகிறதுக்காக இல்லாமல், அகப்பட்டவரை எடுக்கிறதுக்காக மட்டும் இருக்கிற இயந்திரங்கள் ஒரு தொடரின் கதாநாயகர்களாக வந்தன. அவற்றின் உடம்பில் இருந்த பல துண்டுகள், வேறொரு பெட்டியில் ஆயுதத்தின் துண்டுகள்.

யாருடைய தீவு?

ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட எங்களால் முடியவில்லை. உலகத்தைக் காப்பாற்றுகிறது யார்? சொந்தத் தீவு வைத்திருக்கிற ஓர் அமெரிக்கக் கோடீஸ்வரரும் அவருடைய ஐந்து மகன்மாரும். அந்த வீட்டில் வேலை செய்கிறவர் ஆசியர். இரகசியத்தைத் திருட வருகிற வில்லனும் ஆசியர். இருப்பது மலேசியக் காட்டுக்குள் ஒரு கோயிலில். மீட்பு என்பது மேலே இருந்து, வெள்ளைக் கைகளால், பறந்து வருகிற ஒன்று.

லெங்கெடவில் நடந்தது அது இல்லையே. அங்கே "இன்னும் ஆட்கள் இருக்கினம்" என்று அடம்பிடிச்சது அதே சுரங்கத்தில் வேலை செய்த மனுசர். அந்த உண்மையை எடுத்துக் கதை செய்தபோது தொழிலாளி காணாமல் போய்க் கோடீஸ்வரர் வந்துவிட்டார். மொடல் செய்தவர்களின் கைகள் ஆயுதத்தை மீட்பாக மாற்றின. கதை எழுதினவர்களின் கை அந்தளவுக்குப் போகவில்லை.

ஜப்பானுக்குப் போன பெட்டி

1966 இல் என்.எச்.கே. இந்தத் தொடரை ஜப்பானில் காட்டியது. ஷிசுவோக்கா மாகாணத்தில் இருந்த இமாய் என்ற கொம்பனி, மீட்பு வாகனங்களைக் கிட்களாக விட்டது. பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். கிட்டுகளை உடைத்துச் செய்த வாகனம் திரும்பவும் கிட்டாகவே கடைக்கு வந்துவிட்டது! இங்கிலாந்தில் டிங்கி கொம்பனி 1967 இல் தண்டர்பேர்ட் 2 ஐ உலோகத்தில் வார்த்து விற்றது.

1969 இல் இமாய் கடனில் விழுந்தது. அதன் தொழிற்சாலையையும் அச்சுகள் சிலவற்றையும் வாங்கினது பன்டாய். அந்த வழியாக மொடல் தொழிலுக்குள் நுழைந்த பன்டாய் 1980 இல் விட்டதுதான் முதல் 'கண்டம்' ரோபோ கிட். எங்களில் சிலர் இன்றைக்கும் காசு சேர்த்து வாங்குகிற அதே கண்டம். அதுவும் ஒரு போர் இயந்திரம் என்பதைக் கவனியுங்கள். கடை மறுபடியும் தான் தொடங்கின இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

நிஜத்தில் மீட்பு வாகனங்கள் எதற்காகப் பிறக்கின்றன என்பதையும் ஜப்பானிலேயே பார்க்கலாம். 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருடம் டோக்கியோ தீயணைப்புத் திணைக்களம் 'ஹைப்பர் ரெஸ்கியூ' என்ற சிறப்பு அணியைத் தொடங்கியது. 2011 மார்ச்சில் ஃபுக்குஷிமா அணு உலைக்குத் தண்ணீர் அடிக்கப் போனவர்களில் அவர்களும் இருந்தார்கள். இந்தப் பெயரிலேயே பிள்ளைகளுக்கு டோமிக்கா வாகனங்களும் வந்தன. போர் மொடல் வெற்றியை நினைச்சுச் செய்யப்படுகிறது. மீட்பு மொடலுக்குப் பின்னால் எப்போதும் நேரத்துக்குப் போய்ச் சேராத ஒரு நாள் இருக்கு.

எங்கட வாகனம் எது?

எங்களுக்கு அந்த நாள் 2009. வன்னியில் கடைசி மாதங்களில் காயப்பட்டவர்களை ஏற்றிப்போனது பெரும்பாலும் அம்புலன்ஸ் இல்லை. உழவு மிசின் பெட்டி. மாத்தளன் கரையில் இருந்து செஞ்சிலுவைக் கப்பலுக்குக் கொண்டுபோனது மீன்பிடிப் படகு. விதைநெல்லு ஏற்றின பெட்டியில் பாயைப் போட்டவர்களும், மேலே தறப்பாளைக் கட்டினவர்களும் அந்தச் சனத்துக்குள்ளேயே இருந்தவர்கள்தான். கிட்-பாஷிங் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாது. செய்தது அதைத்தான்.

மசி பெர்குசன் உழவு இயந்திரத்தின் 1:32 மொடலை வெளிநாட்டுக் கொம்பனிகள் விற்கின்றன. மினுங்குகிற சிவப்பு, சுத்தமான ரயர். அந்தப் பாயும் தறப்பாளும் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. அதை நாங்கள்தான் வெட்டி ஒட்டவேண்டும். அப்படிச் செய்து மேசையில் வைக்கிறது சரியா என்று எங்களுக்குள்ளேயே வாக்குவாதம். "வலியைப் பொம்மையாக்கிறியளா?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பெட்டியில் ஆட்களை வைப்பதில்லை, வாகனத்தை மட்டும் செய்வது என்ற அளவில் இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தறப்பாளுக்கு என்ன துணி பாவிக்கிறது என்று இன்னும் முடிவில்லை. சில்லுக்குப் பழைய செருப்பு இருக்கு.