ஸ்கேன் சொல்லும் எடையும் தாய்க்குச் சொல்லப்படாத பிழையும்

ஒன்பதாம் மாத ஸ்கேனை முடித்து வரும் பெண்ணிடம் "குழந்தை கொஞ்சம் பெரிசா இருக்கும்மா, நார்மல் கஷ்டம்" என்று சொல்லப்படுவது நம் ஊரில் புதிதல்ல. அதுவரை "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று தட்டை நிரப்பிய வீடு, அன்றிரவே சிசேரியனுக்கு நல்ல நேரம் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த வாக்கியம் கண்டுபிடிப்பின் தொனியில் வருகிறது. உண்மையில் அது ஒரு கணிப்பு. இரண்டுக்கும் உள்ள தூரத்தை மறைத்துவிட்டுப் பெறும் ஒப்புதல் முழு ஒப்புதல் ஆகாது என்பதே என் வாதம்.

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை யாரும் நிறுப்பதில்லை. தலையின் அகலம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை ஸ்கேன் அளக்கிறது. அவற்றை எடையாக மாற்றித் தருபவை பெரும்பாலும் 1985இல் ஹாட்லாக் குழுவினர் வெளியிட்ட சூத்திரங்கள். பிறந்தபின் நிறுத்துப் பார்த்தால் கணிப்பு 10 முதல் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். 4 கிலோ என்று வந்த குழந்தை 3.4 கிலோவாகவும் பிறக்கலாம், 4.6 கிலோவாகவும் பிறக்கலாம். முதலாவது யாரையும் அச்சுறுத்தாத எடை, இரண்டாவது அப்படியல்ல.

'பெரிய' என்பதன் எல்லையும் உறுதியானதல்ல. மருத்துவ நூல்கள் 4,000 கிராம் என்கின்றன, சில 4,500 என்கின்றன. புனே அருகே கிராமங்களில் யாக்னிக் குழுவினர் ஆராய்ந்த குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.7 கிலோ, ஒப்பிட எடுத்துக்கொண்ட இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. அங்கே சராசரியாக இருப்பது இங்கே குள்ளமான ஒரு தாய்க்குப் பெரிய குழந்தையாகலாம். அந்த ஆய்வின் சுவாரசியமான பகுதி வேறு: புனேக் குழந்தைகள் எடையில் சிறியவர்கள், ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. எடை ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

கொழுப்பு எங்கே படிகிறது என்பதே பிரசவ அறையில் முக்கியம். தாயின் ரத்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே சிசுவின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க, தோளிலும் உடம்பிலும் கொழுப்பு சேர்கிறது, தலை அந்த அளவுக்கு வளர்வதில்லை. கோபன்ஹேகனில் மருத்துவர் பெடர்சன் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் அடிப்படையாக நிற்கிறது. தலை வெளிவந்தபின் தோள் சிக்கும் ஆபத்து, ஒரே 4 கிலோவாக இருந்தாலும், சர்க்கரையுள்ள தாய்க்கு அதிகம். அதேவேளை தோள் சிக்கும் பிரசவங்களில் ஏறத்தாழப் பாதி 4 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுடையவை. எடையை மட்டும் காவல் வைத்தால் பாதிக் கதவு திறந்தே கிடக்கும்.

அப்படியானால் அறுத்தே எடுத்துவிட்டால் என்ன? 1996இல் ரௌஸ் குழுவினர் போட்ட கணக்கு இதற்கு விடை தருகிறது. கணிப்பு எடை 4,500 கிராமைத் தாண்டினால் சிசேரியன் என்று வைத்தால், தோள் சிக்குவதால் கை நரம்பில் வரும் நிரந்தரப் பாதிப்பு ஒன்றைத் தடுக்க, சர்க்கரை இல்லாத தாய்மாரில் 3,695 சிசேரியன்கள் தேவை. சர்க்கரை உள்ளவர்களில் 443. முன்கூட்டியே வலி வரவழைப்பது பற்றிய சான்று அவ்வளவு தெளிவில்லை. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, பெல்ஜியத்தில் 822 பெண்களிடம் நடந்த 2015 ஆய்வு அதை ஆதரித்தது. 2025இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், 2,893 பெண்களில், தோள் சிக்கியது வலி வரவழைத்த குழுவில் 2.3 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 3.1 சதவீதம்; புள்ளியியல் நோக்கில் அது உறுதியான வேறுபாடு அல்ல. ஒப்பீட்டுக் குழுவிலும் பலருக்கு முன்கூட்டியே பிரசவமானதால் வேறுபாடு மங்கியிருக்கலாம். சிறிய நன்மை உண்டு என்றே நான் படிக்கிறேன். கட்டாயப்படுத்தும் அளவுக்கு இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு வழக்கு நிற்கிறது. ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் 1999இல், குள்ளமான, சர்க்கரை நோயுள்ள ஒரு தாய்க்குத் தோள் சிக்கும் ஆபத்து 9 முதல் 10 சதவீதம் என்பது சொல்லப்படவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது மருத்துவர் தரப்பு நியாயம். தோள் சிக்கி, குழந்தை மூளை முடக்குவாதத்தோடு பிழைத்தது. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை ஏற்கவில்லை. மாண்ட்கோமரி தீர்ப்பு என்று பெயர் பெற்றது அது. இதைக் காட்டி "எண்ணைச் சொல், கத்தியை எடு" என்பவர்கள் தீர்ப்பைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். தாய் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய தகவலைத் தா என்கிறது அது. பிழை அளவு இல்லாத எண் அத்தகைய தகவல் அல்ல.

நம்மிடம் தொடங்க நல்ல இடம் இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டறிய, சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய முறையில், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். 'பெரிய குழந்தை' என்ற பேச்சு அந்த முடிவிலிருந்தும் தாயின் உயரத்திலிருந்தும் முந்தைய பேறுகளிலிருந்தும் தொடங்கவேண்டும், ஸ்கேன் எடையிலிருந்து அல்ல.

நம் ஸ்கேன் அறிக்கைகள் பலவற்றில் எடைக்குப் பக்கத்திலேயே, கூட்டல்-கழித்தல் குறியோடு இன்னொரு எண் அச்சாகி வருகிறது. மருத்துவர்கள் அடுத்த தாயிடம் முதல் எண்ணைப் படிக்கும்போது அந்த இரண்டாவது எண்ணையும் வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும்.