காலுக்குத் துடுப்பு கட்டின கதை

இன்னைக்குக் கதை என் கெண்டைக்கால்ல இருந்து ஆரம்பிக்குது.

எனக்கு ஊர் சிதறால். அந்தப் பேரைச் சொன்னதும் எல்லாரும் மலைமேல இருக்கிற சமணச் சிற்பங்களையும், 9-ம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டையும்தான் கேட்பாங்க. எனக்கு முதல்ல ஞாபகம் வருவது குழித்துறை ஆறு. நீச்சல் படிச்சது அங்கே. பத்து வருஷம் நாற்காலியிலேயே கோடு எழுதிவிட்டு, போன லீவுல புது ஃபின்ஸோட அதே ஆத்துல இறங்கினேன். நீளமான பிளேடு, கெட்டியான ரப்பர். பெருசா இருந்தா வேகம் வரும்னு நினைப்பு. நடு ஆத்துல கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சிட்டு. மாமா கையைப் பிடிச்சுக் கரையேத்தினார். "லேய் மக்கா, நீந்தணும்னு வந்தது நீயா, அந்த ரப்பரா?"

அந்தக் கேள்விதான் என்னை வரலாற்றுக்குள்ள தள்ளியது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சின்னப் பையனா இருந்தப்போ, ஓவியர்களின் வண்ணப்பலகை மாதிரி இரண்டு மரப்பலகையைக் கையில் பிடிச்சு நீந்தினார். வேகம் கூடியது, மணிக்கட்டு அசந்துபோனது. பாதத்திலும் பலகை கட்டிப் பார்த்தார், திருப்தி இல்லை. உதைக்கிற வேலையில் கணுக்காலுக்கும் பாதத்தின் உட்பக்கத்துக்கும் பங்கு இருக்கு, உள்ளங்கால் மட்டும் போதாதுன்னு அவரே எழுதியிருக்கார்.

1933-ல் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கார்லியூ ரப்பர் ஃபின்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1932 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஓவன் சர்ச்சில், 1940-ல் அதை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப்போரில் கடற்படை முக்குளிப்பவர்கள் அதை மாட்டினார்கள். அதாவது, அலையிலும் ஆழத்திலும் ஆளைத் தள்ளிக்கொண்டு போவதுதான் அதன் முதல் வேலை. குளத்துப் பயிற்சிக்கு வந்தது பிற்பாடுதான்.

என் தப்பு அங்கேதான். நீளமான பிளேடு ஒவ்வொரு உதைக்கும் நிறைய தண்ணியைத் தள்ளும். அந்தப் பாரம் முழுக்க கணுக்காலும் கெண்டைக்காலும்தான் சுமக்கணும். உதையின் தாளமும் மந்தமாகும். குட்டை பிளேடு வெறுங்கால் தாளத்துக்குக் கிட்ட நிற்கும். பயிற்சிக்கு அதுதான் பொருத்தம். பழகாத காலுக்கு வளையும் ரப்பர் நல்லது. குதிகால் ஆடக்கூடாது, விரல் மடங்கக்கூடாது. மொத்தப் பயிற்சியில் கொஞ்ச தூரம் மட்டும் மாட்டுங்க. கழட்டினதும் அதே உதை வருதான்னு பாருங்க.

1994-ல் நம்ம குற்றாலீஸ்வரன் ஆங்கிலக் கால்வாயை நீந்தினப்போ வயசு 12. அந்த நீச்சல் விதிப்படி ஃபின்ஸ் கூடாது. கடைசியில் கரை சேர்க்கிறது வெறுங்கால்தான்.

இப்போ என்கிட்ட இருப்பது குட்டை ஃபின்ஸ். மாட்டுறது நகரத்துக் குளத்தில் மட்டும். ஆத்துல இறங்கினா வெறுங்கால், பக்கத்துல மாமா.