ஒற்றைக் குரலின் உரிமை: பாபி தலியார்கானும் பேராக் தோட்டத் திடலும்

யார் எத்தனை கோல் அடித்தார் என்பதைச் செய்தி சொல்லிவிடும். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்தவர் செய்தது நியாயமா, தோற்றவன் தோற்ற விதம் சரியா என்று தன் பெயரைப் போட்டுத் தீர்ப்புச் சொல்பவர் பத்தியாளர். அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது யார்? பம்பாயின் ஏ.எஃப்.எஸ். தலியார்கான் (1897–1990) எழுதியும் பேசியும் வாழ்ந்த முறையில் இதற்கு விடை இருக்கிறது என்பது என் வாதம்.

'பாபி' என்று எல்லோரும் அழைத்த இந்தப் பார்சிக்காரர், 1934இல் பார்சிகளும் முஸ்லிம்களும் மோதிய கிரிக்கெட் ஆட்டத்தை வானொலியில் வர்ணித்தார். இந்தியாவில் கிரிக்கெட் வர்ணனையின் தொடக்கங்களில் அது ஒன்று. உணவுக்கும் தேநீருக்கும் ஆட்டம் நிற்கும் நேரம் தவிர, நாள் முழுக்கத் தனியாளாகப் பேசுவார். 1948–49இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி வந்தபோது அகில இந்திய வானொலி மூன்று வர்ணனையாளர்களை அமர்த்தியது. மைக்கைப் பங்குபோட மாட்டேன் என்று அவர் விலகிவிட்டார்.

இதைத் தலைக்கனம் என்பவர்கள் உண்டு. அது முழு உண்மையன்று. பிளிட்ஸ் வார இதழிலும் பிற்காலத்தில் மிட்-டே நாளிதழிலும் அவர் எழுதிய பத்திகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த விலகல் விளங்கும். எழுத்தை அவர் முடிக்கும் வாசகம் பேர்போனது: "நான் சொல்வது புரிகிறதா, ஸ்டீவ்?" அந்த ஸ்டீவின் நாற்காலியில் வாசகர் தாமே உட்கார்ந்துகொள்கிறார். பக்கத்தில் இருப்பவனிடம் பேசுகிற தொனியில் வரும் கேலி, மேடையிலிருந்து வரும் கண்டனத்தைவிட ஆழமாக இறங்கும். இங்கே நகைச்சுவை தீர்ப்புக்கு இட்ட அலங்காரம் அல்ல, தீர்ப்புச் சொல்வதற்கான அனுமதி. மூவர் மாறி மாறிப் பேசும் இடத்தில் இந்த நெருக்கம் நிற்காது. அதே சமயம், ஒற்றைக் குரல் தவறினால் பக்கத்திலிருந்து திருத்த ஆளில்லை.

இப்படியொரு குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் விடியலில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு பால்வெட்டு. மாலையில் லயங்களுக்குப் பின்னாலிருந்த திடலில் பந்தாட்டம். கோட்டோரம் ஒரு பெரியவர் தோளில் துண்டோடு நிற்பார். "ஏம்பா மருமவனே, பந்து என்ன மரத்துப் பாலா, சொட்டுச் சொட்டா வந்து சேர? ஓடிப் போய் எடுப்பா!" தோட்டத்து எழுத்தரான கிராணியாரின் மகன் என்றாலும் விடமாட்டார். திடலே சிரிக்கும், சில நாள் கைகலப்பும் நடந்ததுண்டு. ஆனாலும் மறுநாள் அதே இடத்தில் நிற்பார், யாரும் அவரை விரட்டியதில்லை. தலியார்கானுக்கு ஸ்டீவ் எப்படியோ, இவருக்கு மருமகன் அப்படி. விமர்சிக்கும் உரிமையை அந்த விளிதான் தந்தது. பத்தியாளரின் அதிகாரம் விளையாட்டு அறிவிலிருந்து மட்டும் வருவதில்லை, கேட்பவரோடு கொண்டாடும் உறவிலிருந்தும் வருகிறது என்று நான் சொல்வதற்கு இதுவே சான்று.

தோட்டங்கள் கைமாறின. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது, மக்கள் ஈப்போவுக்கும் சுற்றுப்புறங்களுக்கும் பெயர்ந்தார்கள். அந்தக் குரல்களும் அவற்றோடு சிதறின. பேராக்கின் தாப்பாவில் பிறந்த ஓட்டவீராங்கனை எம். ராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பதிவேட்டில் இவை இருக்கின்றன. அந்த ஓட்டத்தைப் பற்றி நம் தோட்டத்துத் தமிழ் என்ன பேசியது, எதைக் கொண்டாடியது, எதைக் குறைசொன்னது என்பதைப் பதிவேடு சொல்லாது. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. அதன் விளையாட்டுப் பக்கங்களைத் தனியே தொகுத்து ஆராய வேண்டிய வேலை நம் முன்னால் இருக்கிறது.

பேராக்கில் எந்த வீட்டிலாவது பழைய விளையாட்டுப் பக்கங்கள் வெட்டி ஒட்டிய நோட்டு இருந்தால், திடலோரம் பேசியவர்களின் பேச்சு யாருக்காவது நினைவிருந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன், நினைவு மங்குவதற்கு முன், அருகிலுள்ள நூலகத்திடமோ தமிழ் ஆய்வாளரிடமோ சேர்த்துவிடுங்கள்.