ஒலிபெருக்கியின் ஓரம்

எங்கள் வீட்டு டபிள் கசற் செற்றின் முன்புற வலையைக் கழற்றியபோது உள்ளேயிருந்து கரிய தூள் கொட்டியது. விரலில் எடுத்துப் பார்த்தேன். பழைய தார் போலப் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது. காகிதக் கூம்பு அப்படியே இருந்தது. பின்னாலுள்ள காந்தத்திலும் பழுதில்லை. கூம்பின் விளிம்பை இரும்புச் சட்டத்தோடு பொருத்தி நின்ற பஞ்சு வளையம் மாத்திரம் இரண்டு ஒலிபெருக்கிகளிலும் உதிர்ந்து போயிருந்தது.

நேயர்களே, ஒலிபெருக்கி என்றதும் கோயிற் திருவிழாவில் மரத்திற் கட்டும் குழல்தான் நம்மவர் நினைவுக்கு வரும். நான் சொல்வது வானொலிப் பெட்டியின் வயிற்றுக்குள் இருப்பதை. காந்தத்தின் ஒடுங்கிய வளைய இடுக்கிலே ஒரு கம்பிச் சுருள் தொங்குகிறது. பாட்டுக்கேற்பக் கூடியும் குறைந்தும் வரும் மின்னோட்டம் அச்சுருளில் ஓட, அது முன்னும் பின்னும் அசைகிறது. சுருளோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளுகிறது. காற்று நம் செவியைச் சேர்கிறது. கூம்பு தாராளமாக அசையவும் வேண்டும், நடுவிலிருந்து விலகாமலும் இருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் இடையிலான சமரசந்தான் அந்த ஓர வளையம்.

இவ்வகை ஒலிபெருக்கியை இன்று நாம் அறிந்த உருவிலே ஆக்கித் தந்தவர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்ரர் ரைஸ், எட்வேர்ட் கெலொக் என்னும் இருவர். அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை வெளியானது 1925 இல். அதே 1925 இன் டிசெம்பர் 16 ஆம் திகதிதான் கொழும்பிலிருந்து வானொலி முறையாகப் பேசத் தொடங்கியது. நமது வானொலியும் அதைப் பேசவைக்கும் கூம்பும் ஒரே வயதினர் என்பது எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அந்தத் தொடக்ககாலக் கூம்புகளுக்கு ஓரமாக மெல்லிய தோலை ஒட்டும் வழக்கம் இருந்தது. காகிதத்தையே மடிப்பு மடிப்பாக அழுத்தி ஓரமாக்குவதும், துணியை ஒட்டுவதும் பின்னர் பெருகின. பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளை ஜெர்மனியில் ஒட்டோ பயரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் 1937 இல் உருவாக்கினார்கள். அதன் பஞ்சு இலேசானது, நெகிழ்வானது. சிறிய பெட்டிக்குள்ளும் கூம்பை நன்றாக அசையவிட்டுக் கீழ்ச்சுருதியை எழுப்பவல்லது. ஆகவே 1970 களில் உற்பத்தியாளர் பலர் அதை விரும்பினர். அதன் குறை பின்னரே தெரிந்தது. காற்றிலுள்ள ஈரம் அதன் மூலக்கூற்றுப் பிணைப்பை மெல்ல மெல்ல அறுத்துவிடுகிறது. பதினைந்து, இருபது வருடங்களில் அது தூளாகிறது.

பிலிப்ஸ் நிறுவனம் கசற்றை 1963 இல் பேர்ளின் கண்காட்சியில் அறிமுகஞ் செய்தது. அதையும் வானொலியையும் ஒரே பெட்டியில் வைத்து, இரண்டு ஒலிபெருக்கியும் கைபிடியும் பூட்டி உலகெங்கும் பரப்பியவர்கள் ஜப்பானியர். நமது நாட்டுக்கு அது பெருமளவில் வந்த வழி வேறு. 1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் நம்மவர் மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனார்கள். போனவர் திரும்பும்போது தோளில் ஒரு சான்யோ, ஒரு ஷார்ப், ஒரு நாஷனல் தொங்கும். எங்கள் பெட்டியும் பெரியப்பா சவூதியிலிருந்து 1984 இற் கொண்டுவந்ததுதான். அவர் பாலையில் எத்தனை மாதம் வியர்வை சிந்தி அதை வாங்கினாரோ. அதன் விலையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பெட்டியில்தான் 1986 இல் அப்பா ஒரு பதிவு செய்தார். எங்கள் ஊர்க் கோயிலிற் கந்தபுராணப் படிப்பு. ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். யாழ்ப்பாணத்தாரின் வாழ்வையே கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயரிட்டதற்கு ஆதாரமான மரபு அது. அன்று பயன் சொன்னவர் என் அப்பப்பா. சூரபன்மன் வதைப் படலம்.

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களுள் பற்றரியும் ஒன்று. ஜாம்போத்தல் விளக்கிற் படித்த தலைமுறை எங்களுடையது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோ மின்சாரம் தரும். இடையில் ஒரு டயோட்டைப் பூட்டினால் சிறிய றேடியோ பேசும். நான் சுழற்ற, அப்பா பீபீசி தமிழோசை கேட்பார். கை தளர்ந்தால் செய்தியும் தளரும். ஆனால் டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாற் மாத்திரமே. பெரிய செற்றுக்கு எட்டுப் பற்றரி வேண்டும், அதாவது 12 வோல்ற். ஆகவே அதை அப்பாச்சியின் பழைய சேலையிற் சுற்றிப் பரணில் வைத்தோம். பாடாமல் இருந்தாற் பழுதாகாது என்று நம்பினோம்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே எழுந்து நடந்தது. பெட்டியைத் தூக்க முடியவில்லை. கசற்றை அம்மா துணிப்பையில் வைத்திருந்தார். தென்மராட்சியில், பிறர் வீட்டுத் திண்ணையில், அந்த மழைக்காலத்திலேயே அப்பப்பா காலமானார். 1996 இல் நாங்கள் திரும்பியபோது, கதவில்லாத வீட்டில், பரணில், சேலை சுற்றியபடியே பெட்டி இருந்தது!

அதிற் கசற்றைப் போட்டோம். அப்பப்பாவின் குரலுக்கு மேலே ஒரு கரகரப்பு. ஓரம் தளர்ந்ததனாற் கூம்பு சரிந்து, சுருள் காந்தத்தோடு உராய்கிறது என்று அன்று நாங்கள் அறியோம். வேறு பெட்டியிற் கேட்கலாமே என்பீர்கள். கேட்டோம். அங்கே கரகரப்பு இல்லை. ஆனால் எல்லாமே போர்வைக்குள் இருந்து பேசுவது போல் மங்கியிருந்தது. பதிந்த பெட்டியின் காந்தத் தலை எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வுள்ள தலையிலேதான் நாடா தெளிவாகப் பேசும். சாய்வு மாறினால் முதலில் அழிவது மேற்சுருதி. சகரமும் தகரமும் மழுங்கிவிட்டாற் பாட்டுக்குப் பொருள் ஏது? அந்தத் தலையும் வேண்டும், நல்ல ஒலிபெருக்கியும் வேண்டும். அப்பா இருக்கும்வரை அது கைகூடவில்லை.

சென்ற வருடம் அதைத் திருத்துபவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். எழுபதைக் கடந்தவர். கரிய தூளைப் பார்த்ததும் சிரித்தார். "மாஸ்ரர், இது பாவிச்சுப் பழுதானதில்லை. சும்மா வைச்சிருந்தாலும் இது போகும்" என்றார். பரணில் நாங்கள் காத்த ஐந்து வருடமும் காற்று தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த அளவில் புதிய பஞ்சு வளையம் கிடைக்கவில்லை. அவர் பழைய தோற் கைப்பை ஒன்றின் உட்தோலை எடுத்து மேலும் மெல்லியதாகச் சுரண்டினார். தடைக்காலத்திற் பழகிய வித்தை என்றார். 1920 களின் முறை அது என்று நான் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. தோலுக்குக் கீழ்ச்சுருதி சற்றுக் குறையும், ஆனால் பேச்சுக்கு அது போதும் என்றார். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிற்றாற் துடைத்து, கூம்பின் நடுமூடியை அரைவட்டமாகக் கீறித் திறந்தார். எக்ஸ்ரே படமொன்றைக் கீற்றுகளாக வெட்டி, சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையில் நாலு பக்கமும் செருகினார். சுருள் நடுவில் நிற்பதற்கு அதுவே வழி. பிறகுதான் தோலை ஒட்டினார். ஒருநாள் காயவிட்டு, கீற்றுகளை உருவி, ஒற்றைப் பற்றரியைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு கூம்பும் ஒரே திசையில் முன்னே வந்தன. ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போனால் ஒன்றின் ஒலியை மற்றது தின்றுவிடும். நாடாவை ஓட்டும் இறப்பர் வாரும் மாற்றவேண்டியிருந்தது. அது சிறிய வேலை.

வீட்டுக்கு வந்து, அம்மாவை அருகில் இருத்தி, கசற்றைப் போட்டேன். முதலில் ஒரு மணியோசை. யாரோ இருமுகிறார். பாட்டுப் படிப்பவர் ஓரிடத்திற் சொல்லை விழுங்கிவிட்டு அவசரமாக அடுத்த அடிக்குப் போகிறார். அந்த இடத்தில் இத்தனை காலமும் கரகரப்பைத் தவிர வேறொன்றும் எங்களுக்குக் கேட்டதில்லை. இப்போது அப்பப்பா அவரை மறிக்கிறார்:

"பொறுங்கோ தம்பி, அந்த அடியைத் திருப்பி ஒருக்காற் படியுங்கோ."